108 மெகாபிக்சலில் நேம்பிளேட் ஏன் தெரியவில்லை?

கோவை கணபதியில் என் மச்சான் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். வேலையில் பாதி போட்டோவில்தான் நடக்கிறது. தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால் அங்கேயே போய் நேம்பிளேட்டைப் படமெடுத்து ஸ்பேர் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். எந்த மாடல், எத்தனை ஹெச்பி, சீரியல் எண் என்ன என்று பார்த்து, கடைக்காரர் பேரிங்கோ கெப்பாசிட்டரோ எடுத்து வைப்பார்.

போன தீபாவளிக்கு மச்சான் புதுப் போன் வாங்கினான். முதுகிலேயே 108 மெகாபிக்சல் என்று பொறித்திருந்தது. முதல் வாரமே ஸ்பேர் கடையிலிருந்து வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, எழுத்தே தெரியலைங்ணா. பழைய போன்லயே எடுத்து அனுப்பிருங்க."

பழைய போன் வெறும் 13 மெகாபிக்சல்.

போன் விற்ற கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்றே மச்சான் முடிவு கட்டினான். அப்படி ஒன்றும் இல்லை. போன் நல்ல போன்தான். நம் ஊரில் "கேமரா எவ்ளோ?" என்று ஒருவர் கேட்க, "நூத்தியெட்டு" என்று இன்னொருவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அந்த எண் எதை அளக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. செல்ஃபிக்கும் கல்யாண வீட்டுக்கும் அது போதும். வேலைக்காகப் படம் எடுப்பவர்களுக்கு அந்த ஒரு எண்ணை நம்பி இருபதாயிரம், முப்பதாயிரம் போடுவது கட்டுப்படியாகாது.

மழையும் டம்ளரும்

மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாடி முழுக்க டம்ளர்களை இடைவெளி இல்லாமல் அடுக்குகிறோம். இதில் மழைதான் வெளிச்சம். மாடிதான் சென்சார், அதாவது லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற, சுண்டுவிரல் நகமளவு சிலிக்கான் சில்லு. ஒவ்வொரு டம்ளரும் ஒரு பிக்சல். பத்து லட்சம் டம்ளர் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் அர்த்தம். டம்ளர் பெரியதா சிறியதா, மாடி எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் அது சொல்வதே இல்லை.

கொட்டோ கொட்டென்று மழை கொட்டினால் டம்ளரும் நிறையும், அண்டாவும் நிறையும். நல்ல வெயிலில் எந்தப் போனை எடுத்தாலும் படம் பளிச்சென்று வருவது இதனால்தான். தூறல் போடும்போதுதான் சங்கதி வெளியே வரும். ஒரு டம்ளரில் இரண்டு துளி விழும். ஒட்டியிருக்கும் டம்ளரில் ஆறு விழும். இரண்டின் மேலும் பெய்வது ஒரே தூறல்தான், துளி எதில் விழுகிறது என்பது தற்செயல். டம்ளருக்குப் பதில் அண்டா வைத்திருந்தால் ஒன்றில் 390 துளி, அடுத்ததில் 415 என்று இருக்கும். கிட்டத்தட்ட சமம்.

வெளிச்சமும் இப்படித் துளித்துளியாகத்தான் வருகிறது. அந்தத் துளிக்கு ஃபோட்டான் என்று பெயர். மங்கலான அறையில் ஒரே நிறச் சுவரைப் படமெடுத்தாலும், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் விழும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை மாறுவதால், சுவர் முழுக்க மணல் தூவியதுபோலத் தெரியும். இதைத்தான் நாய்ஸ் என்கிறார்கள். சின்ன டம்ளர், கம்மி வெளிச்சம் இரண்டும் சேர்ந்தால் நாய்ஸ் அதிகம். பம்ப் ரூம், குடோன், கட்டடத்தின் அடித்தளம் என்று நம் வேலையிடங்கள் பெரும்பாலும் தூறல் போடும் இடங்கள்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மாடியின் அளவு. சென்சார் அளவை 1/1.3 இஞ்ச், 1/2.76 இஞ்ச் என்று பின்னமாகப் போடுவார்கள். கீழே இருக்கும் எண் சிறியதாக இருந்தால் சென்சார் பெரியது. இரண்டு போன்களிலும் 50 மெகாபிக்சல் என்றே போட்டிருக்கலாம். ஒன்றில் சென்சார் 1/1.3, மற்றதில் 1/2.76 என்றால், முதலாவதன் பரப்பு சுமார் மூன்றரை மடங்கு. விளம்பரத்தில் இரண்டும் ஒன்று. பம்ப் ரூமில் இரண்டும் வேறு வேறு.

(இந்த இஞ்ச் கணக்கை ஸ்கேல் வைத்துச் சரிபார்க்க வேண்டாம். பழைய டிவி கேமராவுக்குள் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து வந்த பெயர் இது. ஒரு இஞ்ச் சென்சார் என்பது மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர்தான். குழாய் போய் எத்தனையோ வருஷமாகியும் கணக்கு மட்டும் போகவில்லை.)

சுருக்கமாக: மெகாபிக்சல் என்பது டம்ளர்களின் எண்ணிக்கை. மங்கிய இடத்தில் படம் தெளிவாக வருமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மாடியின் அகலம்.

108 எங்கே போனது?

மச்சான் எடுத்த படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். 12 மெகாபிக்சல் என்று இருந்தது. "அப்ப மீதி 96 எங்கடா?" என்றான்.

எங்கேயும் போகவில்லை. போனே ஒன்பது ஒன்பது டம்ளராக எடுத்து ஒரு சொம்பில் ஊற்றிவிடுகிறது. 108-ஐ ஒன்பதால் வகுத்தால் 12. இப்படிப் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்து ஒன்றாக்குவதற்கு பின்னிங் என்று பெயர். 50 மெகாபிக்சல் போன் நான்கு நான்காகச் சேர்த்து 12.5 தரும், 200 மெகாபிக்சல் போன் பதினாறு பதினாறாகச் சேர்த்து அதே 12.5-ஐத் தரும். நீங்களாகப் போய் அமைப்பை மாற்றாத வரை, இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே அளவு படத்தைத்தான் சேமிக்கும். பிக்சலைச் சேர்க்கிற எண்ணம் புதிதும் அல்ல. 2012-இலேயே நோக்கியா 808 ப்யூர்வியூ போன் 41 மெகாபிக்சல் சென்சாரை வைத்துக்கொண்டு, பல பிக்சல்களைச் சேர்த்து 5 மெகாபிக்சல் படமாகத் தந்தது.

12 போதுமா? தாராளமாக. ஏ4 தாளில் ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சடிக்கவே 8.7 மெகாபிக்சல்தான் வேண்டும். 1080-க்கு 2400 என்ற அளவுள்ள போன் திரை மொத்தமுமே 2.6 மெகாபிக்சல்.

முழு 108-ஐயோ 50-ஐயோ போட்டு எடுப்பது எப்போது உதவும் என்றால், நல்ல வெயிலில், தொலைவில் இருப்பதை எடுத்துவிட்டு அப்புறம் வெட்டிப் பெரிதாக்க வேண்டியபோது. மூன்றாவது மாடி சன்ஷேடில் விரிசல் எப்படி ஓடுகிறது என்று கீழே நின்று பார்க்கிற மேஸ்திரிக்கு அது பயன்படும். பம்ப் ரூமில் பயன்படாது.

போனுக்கும் வெள்ளெழுத்து உண்டு

சரி, நாய்ஸ் இல்லை, வெளிச்சமும் இருந்தது, அப்புறம் ஏன் எழுத்து தெரியவில்லை? இதுதான் பலருக்குத் தெரியாத இடம்.

நாற்பது தாண்டியவர்கள் பேப்பரைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் கொண்டுவந்தால் எழுத்து கலங்கும். போன் கேமராவுக்கும் இந்த வெள்ளெழுத்து உண்டு. குறிப்பிட்ட தூரத்தைவிட நெருங்கினால் அதற்கு எதுவுமே தெளியாது. அந்தத் தூரத்துக்குக் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், சென்சார் பெரிதாகப் பெரிதாக இந்த வெள்ளெழுத்தும் கூடும். பெரிய சென்சாரில் அதே அளவு காட்சி விழ வேண்டுமானால் லென்ஸ் சென்சாரிலிருந்து கொஞ்சம் அதிகத் தள்ளி இருக்க வேண்டும். அப்படிப்பட்ட லென்ஸ் பக்கத்துப் பொருளைத் தெளிவாக்க இன்னும் அதிகம் முன்னால் நகர வேண்டும். போனின் தடிமனோ சில மில்லிமீட்டர்தான். நகர இடம் எங்கே இருக்கிறது? பழைய சின்ன சென்சார் போன் ஏழெட்டு சென்டிமீட்டர் வரை நெருங்க விட்டிருக்கும். பெரிய சென்சார் வைத்த சில போன்கள் 15, 20 சென்டிமீட்டர் கேட்கும். மச்சான் பழைய பழக்கத்தில் போனை நேம்பிளேட்டின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தான். நல்ல சென்சாரே அவனுக்கு எதிராகப் போய்விட்டது.

"மேக்ரோ கேமரா இருக்கே" என்று அதையும் போட்டுப் பார்த்தான். விலை குறைந்த பல போன்களில் மேக்ரோ என்று தனியாக ஒரு 2 மெகாபிக்சல் கண் இருக்கும். பின்னால் நான்கு வட்டம் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. சென்சாரும் பொடி, ஃபோகஸும் ஒரே தூரத்தில் நிலையாக நிற்கும். அதை மறந்துவிடுங்கள். உண்மையிலேயே நெருங்கி எடுக்க வேண்டுமானால், அகலக் காட்சி எடுக்கும் அல்ட்ராவைடு கேமராவில் ஆட்டோஃபோகஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோ அந்தக் கேமராவை வைத்துத்தான் 2 சென்டிமீட்டர் வரை நெருங்கியது. அதன்பின் ஆண்ட்ராய்டிலும் பல போன்களில் இது வந்துவிட்டது.

ஏற்கெனவே போன் வாங்கிவிட்டவர்களுக்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. பொருளிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். 50 மெகாபிக்சலோ அதற்கு மேலோ உள்ள சென்சாரில் இரண்டு மடங்கு ஜூம் என்பது பல போன்களில் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதுதான். அங்கேயே 12 மெகாபிக்சலுக்குக் குறையாமல் கிடைக்கும்.

சுருக்கமாக: எழுத்து கலங்கினால் கிட்டே போகாதீர்கள், பின்னால் வாருங்கள்.

பஞ்ச் அடித்த எண்கள்

நேம்பிளேட்டில் இன்னொரு தொல்லை. பளபளக்கும் அலுமினியத் தகட்டில் சீரியல் எண்ணை மையால் எழுதுவதில்லை. பஞ்ச் வைத்து அடிக்கிறார்கள். அந்த எண்ணுக்கென்று தனி நிறம் கிடையாது, அது ஒரு குழி. குழியின் ஓரத்தில் விழும் நிழலால்தான் கண்ணுக்கு எண்ணாகத் தெரிகிறது. ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வெளிச்சம் நேராகப் போய் அடித்துத் திரும்பும். நிழல் செத்துவிடும், தகடு மட்டும் வெள்ளை வெளேரென்று மின்னும். 3-க்கும் 8-க்கும் வித்தியாசமே இருக்காது.

ஃப்ளாஷை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சையோ கைவிளக்கையோ தகட்டை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சமாக எழுந்து நிற்கும். சுண்ணாம்புப் பொடியோ சாக்பீஸோ தேய்த்துத் துடைத்துவிட்டு எடுப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. அதுவும் நன்றாகவே வேலை செய்யும். வெல்டிங் மூட்டு, சுவர் விரிசல், மரத்தின் மேல் செதுக்கு என்று மேடு பள்ளமாக இருக்கிற எதற்கும் இந்தப் பக்க வெளிச்சம்தான் சரி.

கையும் ட்யூப்லைட்டும்

அப்பர்ச்சர் என்பது லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாசல். எஃப் 1.8, எஃப் 2.4 என்று எழுதுவார்கள்; எண் சிறியதானால் வாசல் பெரியது. ஒரே அளவு சென்சாரில் எஃப் 1.8 வாசல், எஃப் 2.4-ஐவிட ஒன்றே முக்கால் மடங்கு வெளிச்சம் விடும். முக்கிய கேமராக்கள் எல்லாம் இன்று 1.6-க்கும் 1.9-க்கும் நடுவில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. இதை வைத்து ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

வாசல் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர் வேகம். வெளிச்சம் குறைந்தால் போன் அதைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அதற்குள் கை ஆடினால் படம் இழுபடும். ஓ.ஐ.எஸ் என்று பெட்டியில் போட்டிருந்தால், கை ஆடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக லென்ஸை நகர்த்தி அதை ஈடுகட்டும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுப்பவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். ஆனால் ஓடுகிற தறியோ சுற்றுகிற சக்கரமோ இழுபட்டால் ஓ.ஐ.எஸ்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. அது ஆடுவது உங்கள் கை அல்லவே.

ட்யூப்லைட், மலிவு எல்இடி விளக்குகளின் கீழ் சில படங்களில் கறுப்புப் பட்டை பட்டையாக ஓடும். போன் பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கித் தெளிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. சென்சாரோ படத்தை வரிசை வரிசையாகப் படிப்பதால், மங்கிய நேரத்தில் படித்த வரிசைகள் பட்டையாகிவிடுகின்றன. ப்ரோ மோடில், அதாவது ஷட்டரை நாமே வைக்க விடும் அமைப்பில், அதை 1/100 அல்லது 1/50 நொடிக்கு வையுங்கள், போய்விடும்.

வாடாமல்லியை நீலமாக்கும் மூளை

இன்றைய போன் ஒரே ஒரு படம் எடுப்பதில்லை. நீங்கள் ஒரு முறை தட்டினால் அது பல படங்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சராசரி பார்த்து ஒன்றைத் தருகிறது. இருட்டில் எடுக்கும் நைட் மோட் இப்படித்தான் வேலை செய்கிறது. 2018-இல் கூகுள் பிக்சல் போன்களில் நைட் சைட் என்ற பெயரில் வந்தபோது பலரும் வாயைப் பிளந்தார்கள். டம்ளர் கணக்கில் சொன்னால், ஒரே தூறலை நேரம் எடுத்துப் பலமுறை பிடித்துச் சேர்ப்பது.

இதில் வேலைக்காரர்களுக்கு உள்ள சிக்கல், போனின் மூளை, அதாவது படத்தைச் சரிசெய்யும் மென்பொருள், ரொம்ப ஆசைப்படுவது. அக்கா ஒருத்தி வீட்டிலிருந்தே பட்டுப்புடவை விற்கிறாள். வாடாமல்லி நிறப் புடவை ஒன்று படத்தில் கருநீலமாக விழுந்து, வாங்கியவர் "நான் கேட்டது இது இல்லையே" என்று திருப்பி அனுப்பினார். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் ட்யூப்லைட். வெள்ளை எது என்று முடிவு செய்து மற்ற நிறங்களை அதற்கேற்ப நிறுத்துவதற்கு வைட் பேலன்ஸ் என்று பெயர். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் போன் அதில் தடுமாறிவிடும். போதாததற்கு 'ஏஐ சீன்' என்ற அமைப்பு நிறத்தைத் தூக்கிக் காட்டும்.

விளக்கை அணைத்து, நேர்வெயில் விழாத ஜன்னலோரத்தில் விரித்து, ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். படத்தில் தாள் வெள்ளையாக இருந்தால் புடவையும் ஏறக்குறைய சரி. மயில் கழுத்து மாதிரி பாவும் ஊடையும் வேறு வேறு நிறமான பட்டுக்கு எந்தப் போனாலும் ஒரே படத்தில் நியாயம் செய்ய முடியாது. சாய்த்து ஒன்று, நேராக ஒன்று என்று இரண்டு படம் வேண்டும்.

கடையில் என்ன செய்வது?

விலை எதையும் நான் சொல்லப் போவதில்லை, அடுத்த மாதமே மாறிவிடும். உங்கள் பட்ஜெட்டில் மூன்று போன்களைக் குறித்துக்கொண்டு, ஜிஎஸ்எம் அரீனா போன்ற தளத்தில் முக்கிய கேமராவின் சென்சார் அளவையும் ஓ.ஐ.எஸ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மெகாபிக்சலைக் கடைசியில் பார்த்தால் போதும்.

அப்புறம் கடைக்குப் போகும்போது மாத்திரை அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பு, பொடி எழுத்து, அழுத்தி அடித்த பேட்ச் எண் எல்லாம் அதில் உண்டு. நேம்பிளேட்டுக்குத் தங்கச்சி மாதிரி. ஷோரூம் விளக்கு கல்யாண மண்டப விளக்கு, அதை நம்பக் கூடாது. கவுன்ட்டருக்குக் கீழே, நிழலில் வைத்து எடுங்கள். எவ்வளவு நெருங்கினால் கலங்குகிறது என்று பாருங்கள். பெரிதாக்கி எழுத்தின் ஓரம் எழுத்தாக இருக்கிறதா, எண்ணெய் தேய்த்ததுபோல் வழுக்குகிறதா என்று பாருங்கள். பிறகு தரை டைல்ஸை அல்ட்ராவைடில் எடுத்தால் ஓரத்துக் கட்டங்கள் இழுபடுவது தெரியும். சைட் அளவுகளைக் காட்டும் படங்களை அதில் எடுக்கக் கூடாது என்பது அப்போதே புரிந்துவிடும். விரிசலை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு டேப் வையுங்கள், அளவு தெரியும்.

எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள். கிரீஸ் கையோடு போனை எடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய கேமரா முன்னேற்றம் கிடையாது.

கடைசி மைல்

இத்தனையும் செய்த பிறகு படத்தைக் கெடுப்பது வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1600 முதல் 2000 பிக்சலுக்குக் குறைத்துவிடும். 12 மெகாபிக்சல் படம் இரண்டு, மூன்றாகச் சுருங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் வந்த ஹெச்டி பொத்தானை அழுத்தினால் பரவாயில்லை. எழுத்து முக்கியம் என்றால் படத்தை டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள், ஒரு பிக்சலும் குறையாது. எடுத்த நேரமும், லொகேஷன் போட்டு எடுத்திருந்தால் எடுத்த இடமும் படத்துக்குள் ஒளிந்திருக்கும். எக்சிஃப் எனப்படும் அந்தக் குறிப்பும் கூடவே போகும். பில்லுக்கு ஆதாரம் காட்டுகிற கான்ட்ராக்டருக்கு அது நல்லது; வீட்டிலிருந்து புடவை விற்கிறவர் யோசித்து அனுப்ப வேண்டும்.

மச்சான் போனை மாற்றவில்லை. போன வாரம் அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் ஒரு சாண் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, தோட்டக்காரரைப் பக்கவாட்டில் டார்ச் பிடிக்கச் சொல்லி நேம்பிளேட்டை எடுத்து, டாக்குமென்ட்டாக அனுப்பினான். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "இப்ப சூப்பரா தெரியுதுங்ணா. ஆனா அந்த மாடலுக்கு ஸ்பேர் நின்னு மூணு வருசமாச்சுங்க."